டப்பாவில் தேடுறீங்களா, தட்டில் தேடுறீங்களா? ஆன்டிஆக்ஸிடன்ட், வைட்டமின் வாங்கும் முன் இதைப் படிங்க!

"முடி கொத்துக் கொத்தா கொட்டுதுடி. ரெண்டு மாடி ஏறினா மூச்சு வாங்குது. இத்தனைக்கும் நான் தினமும் வைட்டமின் எடுத்துக்கிறேன்!"

ஆறு மாதத்துக்கு முன்பு என் தோழி இப்படித்தான் புலம்பினாள். சென்னையில் ஐ.டி வேலை, நைட் ஷிஃப்ட், ஹாஸ்டல் சாப்பாடு. அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நான்கு டப்பாக்கள் வரிசையாக இருக்கும். முடிக்கு கம்மீஸ், சருமத்துக்கு ஒரு மாத்திரை, இம்யூனிட்டிக்குச் சப்பிச் சாப்பிடும் வைட்டமின் சி, இது போதாதென்று 'ஆன்டிஆக்ஸிடன்ட் ஃபார்முலா' என்று ஒன்று. எல்லாமே ரீல்ஸ் பார்த்து ஆர்டர் போட்டவை. மாதம் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் இதற்கே போய்க்கொண்டிருந்தது.

ஒருவழியாக டாக்டரிடம் போனாள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.6. பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாது. அவள் பெருமையாக எடுத்துப்போன நான்கு டப்பாக்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்த டாக்டர் கேட்டது ஒரே கேள்விதான். "இதுல எதுலயுமே இரும்புச்சத்து இல்லையேம்மா?"

உடம்புக்கு எது குறைவோ அது மட்டும் அந்த டப்பாக்களில் இல்லை. நம்மில் பலர் இதைத்தான் செய்கிறோம். ஆன்டிஆக்ஸிடன்ட், வைட்டமின் இரண்டும் நல்லவை என்பதில் சந்தேகமே இல்லை. அவை எங்கிருந்து வர வேண்டும், எவ்வளவு வேண்டும், மாத்திரை யாருக்குத் தேவை என்பதில்தான் குழப்பம். வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வாழைப்பூ ஏன் கறுக்குது?

வாழைப்பூவை ஆய்ந்து நறுக்கியதும் அம்மா அதை மோர் கலந்த தண்ணீரில் போடுவார் இல்லையா? போடாவிட்டால் சில நிமிடங்களில் கறுத்துவிடும். வாழைக்காய், கத்தரிக்காய், ஆப்பிள் எல்லாமே அப்படித்தான். நறுக்கிய இடத்தில் காற்றில் உள்ள ஆக்சிஜன் வேலையைக் காட்டுகிறது. இதுதான் ஆக்சிஜனேற்றம். நறுக்கிய ஆப்பிளில் எலுமிச்சைச் சாறு தடவினால் சீக்கிரம் கறுக்காது. அதற்குச் சாற்றின் புளிப்பு ஒரு காரணம் என்றால், அதிலிருக்கும் வைட்டமின் சி இன்னொரு காரணம்.

நம் உடம்புக்குள்ளும் ஆக்சிஜன் ஓயாமல் வேலை செய்கிறது. சாப்பாட்டிலிருந்து சக்தி எடுக்கும்போது 'ஃப்ரீ ராடிக்கல்' எனும் துகள்கள் உருவாகின்றன. இவற்றுக்கு ஒரு எலெக்ட்ரான் குறைவு. அதனால் பக்கத்திலிருக்கும் செல்களின் சவ்வு, புரதம், டி.என்.ஏ என எதிலிருந்தாவது அதைப் பிடுங்கப் பார்க்கும். சிகரெட் புகை, வாகனப் புகை, கடும் வெயில் எல்லாம் இவற்றை இன்னும் அதிகமாக்கும். 'இந்தா, என்கிட்ட இருந்து எடுத்துக்கோ' என்று ஒரு எலெக்ட்ரானைக் கொடுத்துச் சண்டையை முடித்துவைப்பவைதான் ஆன்டிஆக்ஸிடன்ட்டுகள். வைட்டமின் சி, வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின், பழங்களுக்கு நிறம் கொடுக்கும் பல பொருள்கள் எல்லாம் இந்த அணிதான்.

விளம்பரங்கள் சொல்லாத இரண்டு விஷயங்கள் இங்கே உண்டு. முதலாவது, நம் உடம்பே ஆன்டிஆக்ஸிடன்ட் தயாரிக்கிறது. குளுட்டாதையோன் போன்ற பொருள்களும் சில நொதிகளும் இரவு பகலாக இந்த வேலையைப் பார்க்கின்றன. இரண்டாவது, ஃப்ரீ ராடிக்கல்கள் முழு வில்லன்கள் கிடையாது. கிருமி உள்ளே வந்தால் நம் வெள்ளை அணுக்கள் இவற்றைத்தான் ஆயுதமாகப் பயன்படுத்துகின்றன. ஆகவே இவற்றை ஒட்டுமொத்தமாக ஒழித்துக்கட்டுவது நம் நோக்கம் இல்லை. சமநிலைதான் முக்கியம்.

வைட்டமின் கதை கப்பலில் தொடங்கியது

வைட்டமின்களின் அருமை புரிந்தது ஒரு கப்பலில். மாதக்கணக்கில் கடலில் இருந்த மாலுமிகளுக்கு ஈறு வீங்கி, ரத்தம் கசிந்து, பழைய காயங்கள்கூடத் திரும்பத் திறந்துகொள்ளும். ஸ்கர்வி என்று பெயர். 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். வினிகர், கடல் தண்ணீர் என ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொன்று கொடுத்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர்தான் சட்டென்று தேறினார்கள். ஆறே நாளில் ஒருவர் வேலைக்குத் திரும்பும் அளவுக்குக் குணமானார்.

'வைட்டமின்' என்ற சொல்லே 1912-ல்தான் வந்தது. காசிமிர் ஃபங்க் என்ற விஞ்ஞானி வைத்த பெயர் அது. வைட்டமின் சி-யைப் பிரித்தெடுத்த ஹங்கேரி விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜிக்கு 1937-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கதைகள் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்கின்றன. வைட்டமின் குறைந்தால் நோய் வரும், குறைந்ததைக் கொடுத்தால் நோய் போகும். ஆனால், 'கொஞ்சம் சாப்பிட்டால் நல்லது என்றால், நிறைய சாப்பிட்டால் ரொம்ப நல்லதுதானே?' என்று அடுத்த கட்டத்துக்குப் போனபோதுதான் சிக்கல் வந்தது.

பின்லாந்தில் கிடைத்த அதிர்ச்சி

பீட்டா கரோட்டின் நிறைந்த காய்கறி, பழங்களை அதிகம் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருப்பதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். அப்படியென்றால் புகைபிடிப்பவர்களுக்குப் பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தால் புற்றுநோயைத் தடுக்கலாமே என்று நினைத்தார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பல வருடங்கள் சோதித்தார்கள். 1994-ல் முடிவு வெளியானது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவிகிதம் அதிகமாக வந்திருந்தது.

அதே சமயத்தில் அமெரிக்காவிலும் இன்னொரு ஆய்வு நடந்துகொண்டிருந்தது. புகைபிடிப்பவர்கள், பிடித்து நிறுத்தியவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை செய்தவர்கள் என 18,000-க்கும் மேற்பட்டோர் அதில் இருந்தார்கள். பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏ-வும் கொடுக்கப்பட்டன. அங்கே 28 சதவிகிதம் அதிகம். திட்டமிட்ட தேதிக்கு ஏறக்குறைய இரண்டு வருடம் முன்பே, 1996-ல் அந்த ஆய்வை நிறுத்திவிட்டார்கள்.

வைட்டமின் ஈ-யும் தப்பவில்லை. 35,000-க்கும் அதிகமான ஆண்களிடம் நடந்த ஓர் ஆய்வில், தினமும் 400 யூனிட் வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவிகிதம் அதிகமாக இருந்தது 2011-ல் தெரியவந்தது.

'ஐயையோ, அப்போ கேரட் சாப்பிடக் கூடாதா?' என்று பதறாதீங்க. தாராளமாகச் சாப்பிடலாம். ஒரு கேரட்டில் பீட்டா கரோட்டின் தனியாக வருவதில்லை. நார்ச்சத்து, மற்ற நிறமிகள், தாது உப்புகள் எல்லாம் சேர்ந்து, அளவாக, மெதுவாக உள்ளே போகின்றன. மாத்திரையில் ஒரே பொருள், பெரிய அளவில், தினமும் போகிறது. புகையால் பாதிக்கப்பட்ட நுரையீரலில் அவ்வளவு பீட்டா கரோட்டின் சேரும்போது அதுவே எதிர்வேலை செய்யத் தொடங்கலாம் என்பது ஆய்வாளர்கள் தரும் ஒரு விளக்கம்.

அப்பாவோ, அண்ணனோ, நீங்களோ புகைபிடிப்பவராக இருந்தால், வாங்கும் மல்ட்டி வைட்டமின் டப்பாவில் பீட்டா கரோட்டின் இருக்கிறதா என்று பாருங்கள். 'சிகரெட்டை ஈடுகட்ட ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை' என்பது நடக்காத காரியம். நிறுத்துவதற்கு ஈடாக ஒன்றும் கிடையாது.

ஜிம் போறவங்க கவனிக்க

உடற்பயிற்சி செய்யும்போதும் ஃப்ரீ ராடிக்கல்கள் உருவாகும். அதனால் வொர்க்-அவுட் முடிந்ததும் வைட்டமின் சி, ஈ மாத்திரை போடச் சொல்லும் ஆலோசனைகள் ஏராளம். ஜெர்மனியில் 2009-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வு இதைச் சோதித்தது. இளைஞர்கள் நான்கு வாரம் பயிற்சி செய்தார்கள். ஒரு பாதிப் பேருக்குத் தினமும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் 400 யூனிட் வைட்டமின் ஈ-யும். மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு, உடம்பு இன்சுலினைப் பயன்படுத்தும் திறன் கூடியது. சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

பயிற்சியில் வரும் அந்தச் சின்ன அழுத்தத்தைப் பார்த்துத்தான் உடம்பு தன்னைப் பலப்படுத்திக்கொள்கிறது. அந்தச் சிக்னலையே மாத்திரை போட்டு அணைத்துவிட்டால், பயிற்சியின் பலனில் ஒரு பகுதி காணாமல் போகிறது. பயிற்சிக்குப் பிறகு வாழைப்பழமோ, சுண்டலோ, முட்டையோ போதும்.

சளிக்கு வைட்டமின் சி கேட்குமா?

இரண்டு நோபல் பரிசு வாங்கிய லைனஸ் பாலிங் 1970-ல் இதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். அப்போது பிடித்த மோகம் இன்னும் விடவில்லை. பிறகு நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், தினமும் வைட்டமின் சி மாத்திரை சாப்பிடும் பெரும்பாலானவர்களுக்குச் சளி பிடிப்பது குறையவில்லை. பிடித்த சளி நீடிக்கும் நாள் மட்டும் பெரியவர்களுக்குச் சுமார் 8 சதவிகிதம் குறைகிறது. ஒரு வாரச் சளியில் அரை நாள். மாரத்தான் ஓடுபவர்கள் போன்று உடம்பைக் கடுமையாக வருத்துபவர்களுக்கு மட்டும் பலன் சற்று அதிகம்.

தேவைக்கு மேல் போகும் வைட்டமின் சி-யைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். தினமும் 2,000 மில்லிகிராமைத் தாண்டினால் வயிற்றுப்போக்கு வரலாம். சிறுநீரகக் கல் வரும் தன்மை உள்ளவர்களுக்கு ஆபத்து கூடும்.

அப்போ மாத்திரையே வேண்டாமா?

வேண்டும். யாருக்குக் குறைவோ அவர்களுக்குக் கண்டிப்பாக வேண்டும். இங்கே மாத்திரைதான் ஹீரோ.

* இரும்புச்சத்து: 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 சதவிகிதம். பள்ளியில் வாரம் ஒருநாள் கொடுத்த நீல மாத்திரை ஞாபகம் இருக்கா? ஜன்னல் வழியே பலர் தூக்கிப் போட்ட அதே மாத்திரை, இரும்புச்சத்தும் ஃபோலிக் ஆசிடும் சேர்ந்தது.

* ஃபோலிக் ஆசிட்: கர்ப்பத்துக்கு முன்பும் முதல் மூன்று மாதமும் எடுத்துக்கொண்டால் குழந்தையின் முதுகுத்தண்டு, மூளை வளர்ச்சிக் குறைபாடுகள் பெருமளவு தடுக்கப்படும். 1991-ல் ஆய்வு மூலம் உறுதியான விஷயம் இது. குழந்தைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் கேட்டுத் தொடங்க வேண்டும்.

* பி12: இது பால், முட்டை, மீன், இறைச்சி போன்றவற்றில்தான் கிடைக்கும். பால் பொருள்கூடச் சாப்பிடாத வீகன்கள், நீண்ட நாளாகச் சர்க்கரைநோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் பரிசோதித்துப் பார்ப்பது நல்லது. குறைந்தால் கை, கால் மரத்துப்போகும், ஞாபக மறதி வரும்.

* வைட்டமின் டி: ஏ.சி அறைக்குள்ளேயே வாழ்பவர்களுக்குக் குறைய வாய்ப்பு அதிகம். ஆனால், டாக்டர் 'வாரம் ஒன்று, எட்டு வாரம்' என்று எழுதிக் கொடுத்த 60,000 யூனிட் மாத்திரையை, 'நல்லாத்தானே இருக்கு' என்று மாதக்கணக்கில் தொடரக் கூடாது. ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் வரை பாதிக்கும்.

பி, சி வைட்டமின்கள் தண்ணீரில் கரைபவை. ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. இவற்றில் ஏ-வும் டி-யும் உடம்பில் சேர்ந்து நச்சாகும் ஆபத்து அதிகம். கர்ப்பமாக இருப்பவர்கள் அதிக அளவு வைட்டமின் ஏ மாத்திரை சாப்பிட்டால் குழந்தைக்குக் குறைபாடு வரலாம்.

முடிக்கு பயோட்டின்... டெஸ்ட்டுக்கு வில்லன்!

முடி வளர விற்கப்படும் பல கம்மீஸ்களில் பயோட்டின் இருக்கும். நமக்கு ஒரு நாளைக்குத் தேவை சில பத்து மைக்ரோகிராம்தான். டப்பாவிலோ 5,000, 10,000 என்று இருக்கும். பயோட்டின் குறைபாடே அரிது. அது இல்லாதவர்களுக்கு இதனால் முடி வளரும் என்பதற்கு வலுவான ஆதாரம் கிடையாது.

அதைவிட முக்கியமான விஷயம், அதிக பயோட்டின் சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவையே மாற்றிக் காட்டும். தைராய்டு டெஸ்ட்டும், மாரடைப்பைக் கண்டறியும் டிரோபோனின் டெஸ்ட்டும் இதில் அடக்கம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-ல் இதுபற்றி எச்சரித்தது. ரத்தம் கொடுக்கப் போகும்போது 'நான் பயோட்டின் சாப்பிடுறேன்' என்று சொல்ல மறந்துடாதீங்க.

நம்ம ஊர் மார்க்கெட்டே போதும்

பெண்களுக்குத் தினமும் 65 மில்லிகிராம், ஆண்களுக்கு 80 மில்லிகிராம் வைட்டமின் சி போதும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. பாதிக் கொய்யாவிலேயே அன்றைய கணக்கு முடிந்தது! பெரிய நெல்லிக்காயில் இன்னும் அதிகம்.

* ஆரஞ்சு நிறம்: பப்பாளி, பரங்கிக்காய், கேரட், மாம்பழம். பீட்டா கரோட்டின் நிறைந்தவை. உடம்பு இதைத் தேவைக்கேற்ப வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும்.
* சிவப்பு: தக்காளி, தர்பூசணி. லைகோபீன் இருக்கும். தக்காளியை எண்ணெயில் வதக்கித் தொக்கு செய்தால் லைகோபீனை உடம்பு இன்னும் நன்றாக எடுத்துக்கொள்ளும்.
* ஊதா, கறுப்பு: நாவல்பழம், கறுப்பு திராட்சை, கத்தரிக்காய்த் தோல், கறுப்புக் கவுனி. ஆந்தோசயனின் தரும் நிறம் இது. காஸ்ட்லி புளூபெர்ரிக்கு நிறம் கொடுப்பதும் இதே குடும்பம்தான்.
* பச்சை: முருங்கைக்கீரை, அரைக்கீரை, கறிவேப்பிலை. ஃபோலேட், வைட்டமின் கே, பீட்டா கரோட்டின் எல்லாம் உண்டு. கறிவேப்பிலையை ஓரம் கட்டாதீங்க.
* வேர்க்கடலை, எள்: வேர்க்கடலையில் வைட்டமின் ஈ. எள்ளுக்குச் சொந்தமாகவே ஆன்டிஆக்ஸிடன்ட்டுகள் உண்டு. நல்லெண்ணெய் சீக்கிரம் சிக்கெடுக்காமல் இருப்பதற்கு அவையும் காரணம்.

காய்கறியும் பழமும் சேர்ந்து தினமும் குறைந்தது 400 கிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. காலையில் ஒரு பழம், மதியம் ஒரு பொரியல், ஒரு கூட்டு, மாலையில் ஒரு பழம், இரவு இட்லிக்குக் கூடவே காய்கறி போட்ட சாம்பார். ஏறக்குறைய வந்துவிடும்.

சமையலில் ஐந்து சின்ன மாற்றம்

1. காயைக் கழுவிவிட்டு நறுக்குங்கள். நறுக்கிய பின் ஊறவைத்தால் வைட்டமின் சி தண்ணீரோடு போய்விடும்.
2. வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் ரசம், சாம்பாரில் சேருங்கள்.
3. கீரை, கேரட்டுடன் ஒரு ஸ்பூன் எண்ணெயோ, தேங்காயோ சேருங்கள். பீட்டா கரோட்டினை உடம்பு எடுத்துக்கொள்ளக் கொழுப்பு தேவை.
4. சுண்டல், பயறு, கீரையில் எலுமிச்சை பிழியுங்கள். தாவர உணவிலிருக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் சி பெரிய உதவி.
5. சாப்பிட்ட உடனே டீ, காபி வேண்டாம். இரும்புச்சத்து சேர்வதைத் தடுக்கும். ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

ஆர்டர் போடும் முன் நாலு கேள்வி

எனக்கு இந்தச் சத்து குறைவு என்று டெஸ்ட் சொன்னதா, ரீல்ஸ் சொன்னதா? டப்பாவில் ஒரு நாள் தேவையில் எத்தனை சதவிகிதம் என்று போட்டிருக்கிறது? 1,000 சதவிகிதம் என்றால் எதற்காக? ஏற்கெனவே சாப்பிடும் வேறு மாத்திரையிலும் இதே வைட்டமின் இருக்கிறதா? ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர், கர்ப்பிணி, சிறுநீரகப் பிரச்னை உள்ளவர் என்றால் டாக்டரிடம் கேட்டாச்சா?

இந்த நாலுக்கும் பதில் இல்லை என்றால் ஆர்டரைத் தள்ளிப் போடுங்கள்.

தோழி இப்போது எப்படி இருக்கிறாள்? டாக்டர் எழுதிக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டாள். சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்கும் டீயைத் தள்ளிவைத்தாள். ஹாஸ்டல் வாசலில் தள்ளுவண்டியில் விற்கும் கொய்யாவும் பக்கத்து மெஸ்ஸில் சுண்டலும் வாடிக்கையாகிவிட்டன. கடைசி டெஸ்ட்டில் ஹீமோகுளோபின் 11.8. முடி கொட்டுவது குறைந்திருக்கிறது. மாடிப்படி ஏறிக்கொண்டே போனில் பேசுகிறாள், மூச்சு வாங்கவில்லை.

அந்த நான்கு டப்பா? "காலி பண்ணி, பருப்பு போட்டு வெச்சிருக்கேன்டி" என்றாள். இப்பதான் அதுக்குள்ள சத்து இருக்கு!